பாடசாலை நிருவாகம்: முகாமையாளர் காலம் முதல் மாகாணசபை வரை

எமது கல்லூரியின் முதல் முப்பத்தைந்து வருடங்கள் உதவி நன்கொடை பெறும் பாடசாலைக் காலம். ஆசிரியரை நியமிப்பதும் விலக்குவதும் முகாமையாளரின் கையில் இருந்தன. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி பெற்றோரின் கட்டணச் சுமையை நீக்கியது. முகாமையாளர் அப்படியே இருந்தார்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் கல்விப் பணிப்பாளரே முகாமையாளர். மறு வருடச் சட்டத்தால் காணியும் கட்டடமும் அரசுக்குச் சென்றன. இதனை இழப்பு என்று மட்டும் எழுதுவோருடன் நான் உடன்படேன். முகாமையாளரின் முகம் பார்த்து வேலை பார்க்கும் நிலையிலிருந்து ஆசிரியைகள் விடுபட்டார்கள். ஆனால் வெற்றிடமொன்றை நிரப்பும் தீர்மானம் ஊரைவிட்டு அகன்றதும் அப்போதுதான்.

1987இன் 13ஆவது திருத்தம் அத்தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தோம். தேசியப் பாடசாலைகளும் பொதுப் பரீட்சைகளும் கொழும்பில் தங்க, ஏனைய பாடசாலைகளின் கட்டடமும் ஆசிரியர் இடமாற்றமும் மாகாணத்திடம் வந்தன. நிதிக்கு மட்டும் பெரும்பாலும் மத்தியையே பார்க்கவேண்டும். அத்துடன் வடக்கில் சபை எங்கே இருந்தது? 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாணசபை 1990இல் கலைந்தது. வடக்கு மக்கள் மீண்டும் ஒரு சபையைத் தெரிவுசெய்தது 2013இல். 2018இல் அதன் காலமும் முடிந்தது. இடையில் ஆளுநரும் செயலாளர்களும், யுத்தமும் இடப்பெயர்வும். இந்த வருடங்களின் பெறுபேறுகளை வைத்துப் பரவலாக்கத்துக்குப் புள்ளியிடுவது நியாயமன்று.

அதிகாரத்தை மாகாணத்தையும் தாண்டிப் பாடசாலை வாசல்வரை கொண்டுவந்த முயற்சி 2006இல் தொடங்கியது. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் சேர்ந்த அபிவிருத்திக் குழுவுக்குத் திட்டமிடும் பொறுப்பும், கையாளச் சிறிது பணமும் கிடைத்தன. 2014இல் வெளியான ஆய்வொன்று, இதனால் நான்காந் தரத்துப் பிள்ளைகளின் கணிதம், ஆங்கில வாசிப்புப் புள்ளிகள் உயர்ந்ததாகக் கண்டது. எட்டாந் தரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதற்குக் காரணம் தேட நான் தூரம் போகமாட்டேன்: மேல் வகுப்புகளுக்குத் தேவையான பாட ஆசிரியரைக் குழுவால் நியமிக்க முடியாது.

எம்மில் சிலர் கல்லூரியைத் தேசியப் பாடசாலையாக்கக் கோருகின்றனர். வளம் கூடலாம். ஆனால் இன்று வலயக் கல்விப் பணிமனையில் கேட்கும் ஆசிரியையை நாளை கொழும்பிலே கேட்கவேண்டிவரும். சங்கம் விண்ணப்பிக்குமுன், ஏற்கனவே எமக்கு இடமுள்ள அபிவிருத்திக் குழுவுக்கு எத்தனை பேர் ஒழுங்காகப் போகிறோம் என்பதைப் பொதுக்கூட்டத்தில் பேசுவோம்.