மகரத்தில் கூடிய எட்டுக் கோள்கள்

1962ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் தொடக்கத்தில் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது ஆகிய எட்டும் மகர இராசியில் கூடின. உலகம் அழியும் என்ற அச்சம் நாடெங்கும் பரவிற்று. நாம் குடியேறி வாழும் வடபுல நகரங்களில் வேள்விகள் நடந்தன. பிரயாணத்தைத் தள்ளி வைத்தோர் பலர். பிரதமர் நேரு அவ்வச்சத்தை எள்ளி நகையாடினார்.

சோதிட நூல்வழி நோக்கினும் அச்சத்திற்கு மட்டுமா இடம்? மகரம் சனிக்கு ஆட்சி வீடு, செவ்வாய்க்கு உச்சம், வியாழனுக்கோ நீசம். வலுவைத் தேடுவோர்க்கும் கேட்டைத் தேடுவோர்க்கும் அங்கே சான்று உண்டு.

எட்டு என்னும் எண்ணையும் சற்றே பிரித்துப் பார்ப்போம். புதனும் வெள்ளியும் என்றுமே ஞாயிற்றை விட்டு நெடுந்தொலைவு விலகாதவை. திங்கள் மாதந்தோறும் மகரத்தைக் கடப்பது. கேது உருவற்ற நிழற்கோள். வானநூலார்க்கு அது ஞாயிற்றின் பாதையைத் திங்களின் பாதை வெட்டும் ஒரு புள்ளியே. அப்புள்ளியருகே அவ்விரண்டும் கூடியதால்தான் பிப்ரவரி 5இல் முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தது. உண்மையில் அரியது, செவ்வாயும் வியாழனும் சனியும் உடன் நின்றமையே.

உலகம் அழியவில்லை. அக்டோபரில் சீனப்போர் மூண்டதும், அதுவே சேர்க்கையின் பலன் என்றனர் சிலர். 2019 டிசம்பர் 26இல் தனுசில் ஆறு கூடி, கோவை, திண்டுக்கல் வானில் கங்கண கிரகணம் தோன்றியது. அடுத்த ஆண்டின் கொள்ளைநோய் கண்டபின், அதற்கும் அவ்வாறே பலன் உரைத்தோர் உண்டு.