பெயர் மாறிய வண்டு

அப்பாச்சி கொம்பறைக்குள் முழங்கைவரை கையை விட்டு நெல்லின் சூட்டைப் பார்ப்பார். சூடு தட்டினால் பூச்சி விழுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போடுவார். முதலில் பார், பிறகு செய் என்ற அந்த ஒழுங்கு அமெரிக்காவில் ஒருமுறை தவறிய கதையை வாசித்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

1946இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் சிறு வண்டு ஒன்று பிடிபட்டது. கம்பளம் அரிக்கும் கருவண்டு என்று பெயரிட்டு அதனை ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் அது இந்தியத் துணைக்கண்டத்துக் கப்ரா வண்டு. 1953இல் துலாரே மாவட்டத் தானியக் களஞ்சியம் ஒன்றில் அதன் புழுக்கள் மலிந்திருக்கக் கண்ட பின்னரே பிழை புரிந்தது. இடையில் ஏழு ஆண்டுகள்! பத்திரிகையில் ஒரு பெயரைப் பிழையாக அச்சிட்டால் மறுநாள் திருத்தம் வெளியிட்டுத் தப்பிவிடுவோம். அவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. தேடத் தொடங்கியதும் அரிசோனா, நியூ மெக்சிக்கோ மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோ நாட்டிலும் வண்டு குடியேறியிருந்தமை தெரியவந்தது.

இதனைத் தேடுவதும் இலகுவன்று. மயிரடர்ந்த இதன் புழு, சுவர் வெடிப்பிலும் சாக்கின் தையலிலும் பதுங்கி, உணவின்றியே ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தானியத்தில் மட்டும் மாதிரி எடுத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். அப்பாச்சியின் கையும் இங்கே தோற்றிருக்கும். எனினும் ஓர் அனுகூலம் இருந்தது. வளர்ந்த வண்டுக்குச் சிறகு உண்டு, ஆனால் பறப்பதில்லை. சாக்கும் லொறியும் கப்பலுமே அதன் வாகனங்கள். ஆகவே சாக்குகள் போன வழியைத் தொடர்ந்தால் வண்டு இருக்குமிடத்தை அறியலாம். கட்டுப்படுத்துவதோடு நில்லாமல் அடியோடு ஒழிக்கவும் முயலலாம். அந்தத் துணிவான முடிவையே எடுத்தார்கள். களஞ்சியங்களை முழுமையாகத் தார்ப்பாயால் போர்த்து மெதைல் புரோமைட் வாயுவைச் செலுத்தினார்கள். மீண்டும் மீண்டும் பரிசோதித்தார்கள். 1966இல் ஒழிப்பு நிறைவுற்றபோது செலவு ஏறக்குறைய 11 மில்லியன் டொலர். 1946இல் அந்த வண்டை இன்னொரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இன்று பெண் வண்டின் வாசனையும் கோதுமை முளை எண்ணெயும் வைத்த பொறிகள் களஞ்சியங்களில் காவல் இருக்கின்றன. ஆனாலும் 2011இல் மட்டும் அமெரிக்க நுழைவாயில்களில் 100 தடவைகள் இவ்வண்டு பிடிபட்டது. பயணிகள் பெட்டிக்குள் கட்டிவந்த அரிசிப் பைகளிலும் அது அகப்பட்டிருக்கிறது. ஊரரிசி இல்லாமல் சோறு இறங்காது என்று விமானம் ஏறும் நம்மவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது.