அன்னாசியும் நெனாசும் ஒரே சொல்தான்

பசார் மாலாமில் 'நெனாஸ்' என்று கேட்டு வாங்கும் பழம், வீட்டுக்கு வந்ததும் 'அன்னாசி' ஆகிவிடுகிறது. முன்னது மலாய், பின்னது தமிழ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே சொல். பிறந்த இடம் தென் அமெரிக்கா. 'அன்னம்' என்ற சொல்லோடு அன்னாசிக்கு எந்த உறவும் இல்லை.

பிரேசில், பராகுவே பகுதிகளின் பூர்வகுடி மக்கள் தங்கள் துப்பி-குவாரானி மொழிகளில் இப்பழத்தை 'நனாஸ்' என்றார்கள். அதைப் போர்த்துகீசியர் 'அனனாஸ்' ஆக்கினார்கள். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தவர்கள் அவர்கள்தான். செடியைக் கொண்டுவந்தபோது பெயரும் கூடவே வந்தது. தமிழில் 'அன்னாசி', மலாயில் 'நனாஸ்', பேச்சு வழக்கில் 'நெனாஸ்'. ஜன்னலும் ஜெண்டேலாவும், அலமாரியும் அல்மாரியும் இப்படிப் போர்த்துகீசியரிடமிருந்து இரு மொழிகளுக்கும் வந்தவையே. வேடிக்கை என்னவென்றால், இன்று பிரேசிலில் இப்பழத்துக்கு 'அபகாஷி' என்ற வேறு பெயர்தான் பெருவழக்கு.

ஆங்கிலப் பெயரின் கதை வேறு. 1493இல் குவாதலூப் தீவில் கொலம்பஸ் குழுவினர் இப்பழத்தைக் கண்டனர். பைன் மரக்காயைப் போல இருந்ததால் ஸ்பானியர் அதன் பெயரான 'பின்யா'வையே பழத்துக்கும் வைத்தனர். ஆங்கிலத்திலும் 'பைன்ஆப்பிள்' முதலில் பைன் மரக்காயைத்தான் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில்தான் அது பழத்தின் பெயரானது.

மலையாளிகள் வைத்த பெயர் இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது: 'கைதச்சக்க'. கைத என்றால் தாழை; பழந்தமிழிலும் தாழைக்குக் 'கைதை' என்ற பெயர் உண்டு. சக்க என்றால் பலா. இங்குச் சமையலுக்குப் போடும் பண்டானும் தாழை இனம்தான். அன்னாசியின் நீண்ட, ஓரத்தில் முள் வைத்த இலை தாழை மடலை ஒத்தது. பழமோ பலாவைப் போல, பல பூக்கள் ஒன்றாகிக் காய்ப்பது. தோலில் தெரியும் ஒவ்வொரு 'கண்'ணும் ஒரு பூ. நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் சேர்ந்துதான் ஒரு பழம்.

தோட்டப்புறத்துக்கும் இச்செடி புதிதல்ல. ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை கைச்செலவுக்காக, ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் கன்றுகளுக்கு இடையில் அன்னாசியை நட்டார்கள். அப்படி ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூனுக்கு 'அன்னாசி அரசர்' என்றே பட்டப்பெயர். சிங்கப்பூரின் ஈசூன் நகரம் அவர் பெயரின் மாண்டரின் உச்சரிப்பைத் தாங்கியது.

ஹொக்கியன் சீனர்களுக்கு இது 'ஓங் லாய்'. 'செல்வம் வருகிறது' என்ற பொருளும் அந்த ஒலியில் கேட்பதால்தான் சீனப் புத்தாண்டில் வாசலில் அன்னாசி உருவம் தொங்குகிறது.

இந்நாட்டில் பிறந்த பெயரும் ஒன்று உண்டு. ஜொகூர், சரவாக் ரகங்களை ஒட்டுச் சேர்த்து மார்டி ஆய்வுக் கழகம் 1996இல் வெளியிட்ட ரகம் 'ஜோசபைன்'. கேட்டால் ஏதோ வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் போலிருக்கும். ஜொகூரின் 'ஜோ', சரவாக்கின் 'ச', அதனுடன் ஒரு 'பைன்', அவ்வளவுதான்.