மணமுறிவும் தேசவழமையும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் ஏட்டிலேற்றினர். கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அத்தேசவழமை, சீதனம், முதுசொம், தேடியதேட்டம் என்று பொருளை நுணுகிப் பிரிக்கிறது. மணத்தை முறிக்க விரும்புவோர் அதனை நாடிப் பயனில்லை. அவர்களுக்குரியது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே. அது ஏற்கும் காரணங்கள் மூன்று: மணத்தின்பின் நிகழ்ந்த சோரம், வன்மத்துடன் கைவிடல், மணவேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இவற்றுள் இரண்டாவதே பெண்களை அலைக்கழிப்பது. கணவன் வீட்டைவிட்டுப் போனான் என்றாற் போதாது. மீண்டு வாழும் எண்ணமின்றியே போனான் என்று மாவட்ட நீதிமன்றில் நிறுவவேண்டும். போனவன் மனத்தை யார் அறிவார்?

கண்டிச் சிங்களவர் கதை வேறு. எளிதில் முறிந்த அவர்தம் மணத்தை 1859இல் ஆங்கிலேயர் நீதிமன்றத்துள் அடைத்தனர். மக்களோ பழையபடியே கூடினர், பிரிந்தனர். பிள்ளைகள்தாம் சட்டத்தின் கண்ணில் முறையற்றோராயினர். 1870இல் அரசு இறங்கிவந்தது: இருவரும் ஒப்பினாற் பதிவாளரிடமே பிரியலாம். 1952ஆம் ஆண்டுச் சட்டமும் இதனைக் காத்தது. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காதியார் உளர். யாழ்ப்பாணத்துத் தம்பதியர் இருவரும் இசைந்து வந்து நின்றாலும், அவ்விசைவு மாத்திரம் 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணமாகாது.