தாத்தாவின் அடைப்பம்

எட்டயபுரத்து வீட்டில் தாத்தாவின் அடைப்பத்தைப் பிரித்தபோது இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று கொம்புப் பிடி போட்ட மடக்குச் சவரக்கத்தி. மற்றது ஆச்சியுடையது, தொப்புள்கொடி அறுக்கிற சின்னக் கத்தி. ஆண் சிரைப்பதும் பெண் பிள்ளைப்பேறு பார்ப்பதும் எங்கள் சாதிக்கு விதிக்கப்பட்ட வேலை. வலியில் ஆச்சியின் கையை இறுகப் பிடித்துக் கொண்டவர்களின் பேரன்மார், தெருவில் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கொடி அறுத்த அந்தக் கை சவரக்கத்தியைத் தொடக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது.

அதனால்தான் தாத்தாவின் கத்தியை நானே தீட்ட உட்கார்ந்தேன். தேங்காயெண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, நைஸ் உப்புத்தாளால் துருவை எடுத்தேன். கத்தியின் இரு பக்கமும் குழிந்திருக்கும். கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டும் தொடும். முதுகைத் தூக்காமல் இழுத்தால் கோணம் தானாக அமையும். முதலில் 1000 எண் கல், பிறகு 4000, கடைசியில் 8000. கல்லில் வாய் முன்னே போக வேண்டும், தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். மறந்துபோய் வாரை ஒருமுறை அறுத்தும்விட்டேன்.

இந்த மாதிரிக் கத்தி ஆண்களின் தாடையை மட்டும் வழிக்கவில்லை. அக்கிரகாரத்துப் பின்வாசலில், புருஷன் செத்த சிறுமிகளின் தலையையும் வழித்தது. புறநானூற்றிலேயே கணவனை இழந்தவள் கூந்தல் களைவது வருகிறது. கைம்மைப் பாடல்களைப் பல வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கத்தி பிடித்த கை யாருடையது என்று கேட்க எனக்கே தோன்றியதில்லை. வர மாட்டேன் என்று சொல்ல அந்தக் கைக்கு ஊரில் இடமிருந்ததா என்றும் கேட்டதில்லை.

சொன்னவர்கள் உண்டு. 1890இல் பம்பாயில், ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முன்முயற்சியில் சவரத் தொழிலாளர்கள் கூடி, இனி விதவைகளின் தலையை மழிப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் அதே பம்பாயில்தான், சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர் விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். அந்தக் கல்யாணம் நம் சீர்திருத்த வரலாற்றில் தவறாமல் வருகிறது, வர வேண்டியதுதான். கூலியை விட்டுக்கொடுத்துக் கத்தியைக் கீழே வைத்தவர்களை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒருவர் தன் வீட்டுப் பெண்ணுக்காகச் செய்தார், இவர்கள் தங்களை வாசலுக்குள் விடாத வீடுகளின் பெண்களுக்காகச் செய்தார்கள்.

எங்கள் ஊரில் 1882இல் பிறந்த பாரதி, 1904இல் அந்த ஐயரின் பத்திரிகையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அவர் முடிக்காமல் விட்ட ‘சந்திரிகையின் கதை’யில் விசாலாட்சி என்ற இளம் விதவை மறுமணம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறாள். மணிமண்டபத்துக்கு வரும் மாணவிகளிடம் அவளைப் பற்றிச் சொல்வேன். இனி பம்பாய்க்காரர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு மேல் கத்தியை முன்கையில் வைத்துப் பார்த்தேன். முடியை எடுத்தது. ஆச்சியின் கத்தி முனையில் துரு அரித்துப் பொத்தல் விழுந்திருக்கிறது. அதை அடுத்த லீவில் பார்க்க வேண்டும்.