டின் பால் வந்த வழி

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தம் உரைக்கு வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. அச்சங்கத்தின் தலைவரே நெஸ்லே நிறுவனத்தின் அங்குள்ள தலைமைப் பொறுப்பிலும் இருந்தார் என்று சொல்வார்கள். தாதியரைப்போல் உடையணிந்த பெண்களைப் பால் நிறுவனங்கள் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பி, இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்றன. இப்படிப் பரப்பப்பட்ட தவறான உணவால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலை என்றே கருதவேண்டும் என்றார் வில்லியம்ஸ்.

அவர் 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். மலாயாவுக்கு வருமுன் இன்றைய கானாவில் பணிபுரிந்தார். கைகால் வீங்கி, தோல் உரிந்து இறந்த குழந்தைகளின் நோய்க்கு அங்குள்ள கா மொழிப் பெண்கள் சொன்ன பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்குத் தந்தார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததும் முலை மறக்கடிக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம்மிடம் ‘சவலை’ என்ற சொல் இருக்கிறது. தாய்மார் கண்டு பெயரிட்டதை மருத்துவம் பிறகுதான் கண்டுபிடிக்கிறது.

ஆனால் அவருடைய குற்றச்சாட்டை மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பெண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே டின் பால் நுழைய வெள்ளை உடுப்புப் பெண் தேவைப்படவில்லை. பால்மரத்தில் விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு பெரட்டுக்குப் போகவேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். மரம் வெட்டி, கோப்பைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, நிறுவைக்குக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பும்வரை பிள்ளைக்கு என்ன கொடுப்பது? ஆணைவிடக் குறைந்த கூலிதான் என்றாலும் அதை விட்டுவிட வழியில்லை. உறிஞ்ச வாயில்லாமல் மணிக்கணக்கில் கட்டிக்கொள்ளும் பால், நாளடைவில் சுரப்பதும் குறையும். பிறகு ‘எனக்குப் பால் பத்தவில்லை’ என்று அவளே சொல்வாள். அதைக் கேட்ட அதிகாரிக்கு அது அறியாமையாகப்பட்டது.

திறந்த டின் சீக்கிரம் கெடாது. ஏறக்குறைய பாதி சர்க்கரை என்பதே காரணம். குளிர்பெட்டி இல்லாத கொட்டகைக்கு அது எவ்வளவு வசதி! விலையை எண்ணித் தண்ணீரைக் கூட்டுவார்கள், அந்தத் தண்ணீர் கொதித்ததாகவும் இருக்காது. ஆடை நீக்கிய பாலில் செய்த டின் என்றால் உயிர்ச்சத்து ஏ, டி இரண்டும் இராது. பிள்ளை சர்க்கரையில் உப்பும், வயிற்றோட்டத்தில் வற்றும்.

என் பார்வையில், வில்லியம்ஸின் உரை விற்றவனைச் சரியாகவே கூண்டில் ஏற்றியது. விடியுமுன் தாயை வேலைக்கு அழைத்தவனுக்கும் அதே கூண்டில் இடம் உண்டு. ‘அந்தக் காலத்துப் பெண்கள் நாகரிகத்துக்காகப் புட்டிக்கு மாறினார்கள்’ என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு, நகரத்துப் பங்களாக்களுக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

ஜப்பானியர் வந்தபோது வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். உயிர்தப்பி, 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கான நெறிமுறை 118 வாக்குகளால் நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அந்தப் பழைய உரையை 1986இல் பினாங்கிலிருந்த நுகர்வோர் அமைப்பு சிறுநூலாக அச்சிட்டது. நெறிமுறை விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியது. வேலை நேரம் அதன் வரம்புக்குள் வரவில்லை.

டின்கள் மட்டும் வீணாகவில்லை. மலாயாக் கடைகளில் காலி டின்னில் கயிறு கட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பால்பேணி அரிசி அளக்கும் சுண்டாயிற்று.