கிரிக்கெட் சபையின் நாற்காலியும் தோட்டத்து மைதானமும்

இலங்கைக் கிரிக்கெட் சபையின் தலைமை பற்றிய சர்ச்சைகள் நாட்டுக்குப் புதியவையல்ல. 2023 நவம்பர் 6 ஆம் திகதி, அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க நிர்வாக சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 10 ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கு நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. மாதம் முடிவதற்குள் அமைச்சரும் பதவியிழந்தார். 2024 ஜனவரி 28 இல் தடை நீங்கியது. 2025 மார்ச்சில் ஷம்மி சில்வா நான்காவது தடவையாகப் போட்டியின்றித் தெரிவானார்.

1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பரந்த அதிகாரம் வழங்குகின்றது. சர்வதேசப் பேரவையோ அரசாங்கத் தலையீட்டை ஏற்பதில்லை. இவ்விரண்டுக்குமிடையே, கழகங்களினதும் சங்கங்களினதும் வாக்குகளே தலைவரைத் தீர்மானிக்கின்றன. ஓய்வுபெற்ற நீதியரசர் கே.டி. சித்ரசிறி தலைமையிலான குழு புதிய யாப்பைப் பரிந்துரைத்தது இதனாலேயே.

மஸ்கெலியாவின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கின்றது? லயன்களுக்கிடையே கிடைக்கும் சமதரையில் மென்பந்துடன் விளையாடும் அவர்களுக்கு வாக்குமில்லை, வாக்குக் கேட்டு வருவோருமில்லை. 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முரளிதரனின் பாட்டனாரும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரே. எனினும் முரளி பந்துவீசிப் பழகியது கண்டியின் பெரிய கல்லூரியொன்றில் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகின்றோம். யாப்பைத் திருத்துவோர், தோட்டப் பாடசாலைகளுக்குக் கடினப்பந்து ஆடுகளமும் பயிற்றுவிப்பாளரும் போக்குவரத்துச் செலவும் கிடைக்க, சபையின் வருமானத்தில் ஒரு பங்கை எழுத்தில் ஒதுக்க வேண்டும்.